சேலையின் இடது முனை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அப்பா சொல்வார். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் பன்னிரண்டு வருடமாகக் கணினித் திரையில் படம் வரைந்து பிழைக்கிறேன். இதுவரை ஒரு படத்தையும் முடித்துவிட்டேன் என்று மனமாரச் சொன்னதில்லை. கேட்டவர்கள்தான் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். திரையில் எதையும் அழிக்கலாம், அழித்ததைத் திரும்பக் கொண்டுவரலாம். என்னைப் போன்றவனுக்கு அதைவிடப் பெரிய சாபம் கிடையாது.

நாற்பத்திரண்டு வயதில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா போன பிறகு கிள்ளான் வீட்டைத் தாங்கியவள் அவள்தான். தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அன்று இரண்டு கேட்டாள்.

"முகூர்த்தச் சேலைய நீயே வரைஞ்சு குடுடா. கடைப் பட்டு வேணாம். அப்புறம், அப்பா எடத்துல நீ நின்னு தாரை வார்க்கணும்."

முதலாவதற்கு உடனே சரி என்றேன். இரண்டாவதற்கு, "பாக்கலாம் லா" என்று மழுப்பினேன். மணவறையில் ஊர் பார்க்க அசையாமல் நிற்பதை நினைத்தாலே உள்ளங்கை வியர்த்தது. அதோடு, அப்பா இடத்தில் நிற்க நான் யார்? அவர் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் கட்டிலருகே பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்தவனில்லை. கீழே கார் பார்க்கைச் சுற்றிக்கொண்டிருப்பேன். அவர் போன நிமிடமும் அங்கேதான் இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் ஒரு குறுக்குவழி யோசித்தேன். சேலையிலேயே அப்பாவை வரைந்துவிடலாம். அவரே வந்துவிட்ட மாதிரி ஆகும், நானும் பின்வரிசையில் உட்கார்ந்து தப்பித்துக்கொள்ளலாம். அக்காவிடம் சொல்லவில்லை. அவளே பார்த்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் பக்கம் பண்டமாரானுக்குப் போய் வேலிக் கம்பி, கிரேன், லோரி எல்லாவற்றையும் வரைந்து வந்தேன். திரையில் ஆறு மீட்டருக்கு மேல் நீளமான ஒரு பட்டை. அதன் இடது கோடியில் துறைமுக வாசல். வாசலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் அப்பா, உள்ளங்கை அளவுக்கு. அங்கிருந்து கண்டெய்னர்கள் வரிசையாக வலப்பக்கம் நகர்ந்து, முந்தானையில் வெறும் கடலாக முடியும். அப்பாவை மட்டும் பத்தொன்பது தடவை மாற்றினேன். மீசை அடங்கவே இல்லை.

அச்சடிக்கும் இடம் ரவாங்கில். கொமுட்டர் ரயிலில் போவேன். பட்டில் அச்சடித்து, ஆவியில் வேகவைத்து, அலசிக் காய்ந்த பிறகுதான் உண்மையான நிறம் தெரியும். திரையில் ஒரு நொடியில் நிறத்தை மாற்றிப் பழகியவனுக்கு அந்தக் காத்திருப்பு நரகம். முதல் சாம்பிள் துண்டில் என் நீலக் கடல் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. இரண்டாவதில் சாம்பல். மூன்றாவது முறை நீலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, துறைமுகக் கடலுக்கு உண்மையில் இருக்கிற தே தாரிக் நிறத்தையே, அந்தப் பால் தேநீர்ப் பழுப்பையே போட்டேன். பட்டில் அது தகதகவென்று எழுந்தது. அன்று மட்டும் எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது.

மெஷினைப் பார்த்துக்கொண்டவர் திருப்பூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். படத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"சார், முந்தானை வெறுமனே கிடக்குதே. வேலையெல்லாம் இந்தக் கோடியில இருக்குது. பிளவுஸ் துணி தனியா அடிக்கணுமா, சேலையோடவா?"

"சேலையோடவே" என்றேன். கதை இடது பக்கம்தான் தொடங்கும், இவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் ஓர் இளக்காரம். சேலை கட்டாதவன், சேலை கட்டுவதை ஒழுங்காகப் பார்க்கவும் உட்காராதவன், துணிக்காரருக்குப் பாடம் எடுத்தேன்.

அச்சாகி வந்த சேலையை மடித்தபடியே அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் அதை முழுக்கப் பிரிக்காமலே ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கிள்ளானுக்குப் போனேன். அக்கா தையற்கார ஆன்டியின் கடையில் ரவிக்கை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் கையில் துறைமுக வேலிக் கம்பி. தோளில் பாதி கிரேன்.

"ஆன்டி, எதை வெட்டினீங்க?"

"வேற எதை? முந்தானைக்கு எதிர்க் கோடியில பிளவுஸ் துணி. எல்லாச் சேலையிலயும் அங்கதானே வரும்?"

அந்த முனையை வெட்டாமல் விட்டிருந்தாலும் அது இடுப்பில் செருகி உள்ளே போயிருக்கும் என்பதுகூட எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்டுத்துணிப் பையைக் கவிழ்த்துக் கிளறினேன். கிடைத்தார். பின்கழுத்துக்காக வெட்டி எடுத்த வட்டத்துக்குள் அப்பா. ஹெல்மெட் பாதி போயிருந்தது.

"இதை முந்தானையில வச்சு தைச்சிடலாம்க்கா. இல்ல, இப்பவே ரவாங் போறேன், ராத்திரியே மாத்தி அடிச்சு..."

"பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்வாங்க. உக்காரு தம்பி" என்றார் ஆன்டி. என்னால் உட்கார முடியவில்லை.

அக்கா வட்டத்தை வாங்கிப் பார்த்தாள். "மீசை சரியில்லடா" என்று சிரித்தாள். பிறகு கண் கலங்கியது. "இதை எதுக்கு எங்கிட்ட மறைச்ச?"

சொன்னேன். அப்பாவைச் சேலையில் கொண்டுவந்துவிட்டால் நான் நிற்க வேண்டியிருக்காது என்று நினைத்ததை, வார்த்தை குழறக் குழற, தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஓடிப்போக எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

"அப்பா இல்லன்னு எனக்குத் தெரியும்டா. நீ இருக்கேன்னுதானே உன்னைக் கேட்டேன். சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுட்டு நேரத்தோட வா."

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நான்தான் நின்றேன். என் உள்ளங்கையில் அக்காவின் கை. அதை மாப்பிள்ளையின் கையில் வைத்து நீர் வார்க்க வேண்டும். அவள் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். செம்பைச் சாய்த்தேன். நீர் எங்கள் விரல்களுக்கிடையே வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறியது.

"போதும் தம்பி, கைய எடுத்துக்கலாம்" என்றார் ஐயர்.

அவர் அதை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.