சாம்பியாவில் நடந்தே போனேன்

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது காலில் கேலிப்பர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டிக்கொண்டுதான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தேன். அமெரிக்காவில், சான் ஹோசேயில் இருபத்தாறு வருஷமாக வேலைக்குப் போய் வருகிறேன். ஆனாலும் எங்கே போனாலும் எனக்கென்று ஒரு நாற்காலி தயாராக இருக்கும். நண்பர்கள் குடும்பத்தோடு மலையேறப் போனால், பார்க்கிங் பக்கத்தில் நாற்காலி விரித்து உட்காரவைத்துவிட்டு, பைகளையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஐம்பத்தைந்து வயதில் ஆப்பிரிக்கா சஃபாரி போகலாம் என்றேன். ஜீப்பில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், உனக்கு வசதி என்று கணவர் சந்தோஷப்பட்டார். நான் புக் செய்தது சாம்பியாவில், காட்டுக்குள் நடந்து போகிற சஃபாரியும் சேர்ந்தது என்று தெரிந்தபோது ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலேஜில் படிக்கும் மகள் போனில், "ஆர் யூ சீரியஸ், அம்மா?" என்றாள். சீரியஸ்தான் என்றேன்.

முதல் மூன்று நாள் ஜீப்பில் போனோம். நான்காம் நாள் விடிகாலையில் நடைக்குக் கிளம்பியவர்கள் ஐந்து பேர். விண்ணப்பத்திலேயே என் காலைப் பற்றி எழுதியிருந்தேன். முடிவு வழிகாட்டியுடையது என்று பதில் வந்திருந்தது. அவர் சாம்பியாக்காரர், என் வயதுதான் இருக்கும். முதலில் எல்லாருக்கும் விதிகளைச் சொன்னார். வரிசையாக வர வேண்டும், பேசக் கூடாது. எந்த மிருகம் வந்தாலும் ஓடவே கூடாது. அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களால் முடியாது, மன்னியுங்கள் என்றார்.

"நீ கேம்ப்லயே ரெஸ்ட் எடேன்மா. நான் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டறேன்" என்றார் கணவர், கெஞ்சலாக.

"நீங்க எடுத்த போட்டோவப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்?"

வழிகாட்டியிடம் திரும்பி, ஓடக் கூடாது என்பதுதானே உங்கள் விதி, இங்கே அதை மீறவே முடியாத ஒரே ஆள் நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எதிரே வறண்டு கிடந்த ஓடைவரை நடந்து திரும்பச் சொன்னார். மணலில் கேலிப்பர் ஷூ புதைந்து புதைந்து வந்தது. கையால் தொடையைத் தூக்கி வைத்துத்தான் கரையேறினேன். திரும்பி வந்ததும் என்னை வரிசையில் தனக்கு நேர் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

துப்பாக்கியோடு வனக்காவலர் முன்னால் போக, என் வேகத்தில் எல்லாரும் நடந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனபோது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் யானை குட்டியோடு வெளிப்பட்டது. எங்களைப் பார்த்ததும் காதை விரித்துப் பிளிறிக்கொண்டு ஓடி வந்தது. எனக்குப் பின்னால் நின்ற இளைஞன், மாரத்தான் ஓடுகிறவன், சட்டென்று திரும்பினான். வழிகாட்டி எட்டி அவன் பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். யானை இருபதடி தள்ளி நின்றது. புழுதி எங்கள்மேல் வந்து விழுந்தது. தைரியத்தில் நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன், பயந்துகொண்டேதான் நின்றேன். ஆனால் நின்றேன். அது தலையை ஒரு உதறு உதறிவிட்டுக் குட்டியோடு திரும்பிப் போனது.

டீ குடிக்க உட்கார்ந்தபோது அந்த இளைஞன் என்னிடம் வந்து, நீங்கள் எல்லாருக்கும் பெரிய இன்ஸ்பிரேஷன் என்றான். நான் யாருக்கும் இன்ஸ்பிரேஷனாக வரவில்லை, யானை பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவன் முகம் சுருங்கியது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இரண்டு மணி நேரத்து நடை எங்களுக்கு நாலு மணி நேரம் ஆனது. மற்றவர்கள் நின்று நின்று வந்தார்கள். இப்படி யாரையாவது காக்கவைத்தால் பத்து தடவை சாரி சொல்வது என் பழக்கம். அன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கூடாரத்துக்கு வந்து கேலிப்பரைக் கழற்றியபோது வார் பட்ட இடத்தில் தோல் உரிந்திருந்தது. கணவர் மருந்து போட்டார்.

"நாளைக்கு?" என்றார்.

"அஞ்சரைக்குக் கெளம்பணும்" என்றேன்.