அம்முலு அக்கா எறக்கின ஏழு கிலோ

எனக்குக் கோவம் வந்தா கை சும்மா இருக்காது, எதையாவது மடிச்சிக்கினே இருப்பேன். அன்னிக்கு அம்முலு அக்காவோட எடை அட்டையை எத்தினி தபா மடிச்சேனோ, நடுவுல கிழிஞ்சே போச்சு.

திருப்புலிவனத்துல எங்க தெருவுக்கு நான்தான் சுகாதாரத் தன்னார்வலர், பேரு செவ்வந்தி. சக்கரை நோய் இன்னும் வரல, ஆனா வர்ற மாதிரி கீதுன்னு ரத்தத்துல தெரிஞ்ச இருபது பொம்பளைங்களை என் கையில குடுத்தாங்க. நடக்க வெக்கணும், சோத்தைக் குறைக்க வெக்கணும். ஜெயிச்சோமா இல்லையான்னு பாக்கறது எடை மிஷின்லதான். ரத்தம் ஆரம்பத்துல ஒரு தபா, ஆறாம் மாசம் ஒரு தபா, அவ்ளோதான்.

அம்முலு அக்கா நாத்து நடறவங்க. டீன்னா உசிரு. கயனியில எறங்கறப்போ ஒரு சொம்பு, ஏறறப்போ ஒரு சொம்பு, ரெண்டுலயும் சக்கரை தூக்கலா இருக்கணும். ஆனா அவங்க அண்ணன் பச்சமுத்துக்கு இதே நோயில காலையே எடுத்துட்டாங்களே, அந்த பயம். டீயை அன்னிக்கே விட்டாங்க. விடியறதுக்கு முன்னே ஏரிக்கரையில நடந்தாங்க. வியாழக்கிழமை ஆனா வெத்தலையைத் துப்பிட்டு, வளையலைக் கழட்டி என் மடியில போட்டுட்டுத்தான் மிஷின்ல ஏறுவாங்க.

ரெண்டு மாசம் அரை கிலோ கூட எறங்கல. மூணாவது மாசம் புடிச்சி மளமளன்னு ஏழு கிலோ. கழட்டவே வேணாம், வளையல் தானா நழுவிச்சு. நாங்க வாராவாரம் கை தட்டினோம். எங்க மேலதிகாரி சசிரேகா மேடம் எவர்சில்வர் கேரியர் ஒண்ணு பரிசு அறிவிச்சாங்க. நானும் என் தெருதான் முதல்னு தலைகால் புரியாம ஆடினேன், வெக்கங்கெட்டவ.

பரிசு குடுக்கற அன்னிக்கு அக்கா முன்வரிசையில இருந்து மூணு தபா எழுந்து வெளிய போனாங்க. என் தண்ணி பாட்டிலை ஒரே மூச்சுல காலி பண்ணாங்க. கக்கூஸ்ல எறும்பு மொய்க்குதுன்னு மருமவ ஒரே பேஜார் பண்றாளாம், சிரிச்சிக்கினே சொன்னாங்க. ஒண்ணுக்குல சக்கரை எறங்கினாத்தான் அங்க எறும்பு வரும்.

பையில ரத்தம் பாக்கற மிஷின் கீது. இன்னிக்கு அதெல்லாம் வேணாம், ஆறாம் மாசம் பாக்கலாம்னு மேடம் சொன்னாங்க. நான் கேக்கல. விரலைக் குத்திட்டேன்.

முன்னூத்தி எண்பத்தாறு. எரநூறு தாண்டினாலே சக்கரை நோய்தான்.

எல்லைக்கோட்டுல இருந்தவங்களுக்கு நோய் எப்பவோ வந்துட்டு கீது. அதுதான் அவங்களை உருக்கி எடுத்திருக்கு, நாங்க அதுக்குக் கை தட்டியிருக்கோம். மேடம் கையில இருந்த நோட்டுல அக்கா பேருக்கு நேரா ‘வெற்றி’ன்னு எழுதியிருந்திச்சு. நான் நோட்டைப் புடுங்கி அதைக் கோடு போட்டு அடிச்சேன், பேனா தாள்ல ஓட்டை போட்டுடுச்சு.

அக்கா பரிசா வாங்கின கேரியரை நெஞ்சோட அணைச்சிக்கினு என் மூஞ்சையே பாத்தாங்க.

“ஒரு நாள் கூட டீ குடிக்கல செவ்வந்தி, சத்தியமா. இதைத் திருப்பிக் குடுத்துடணுமா?”

வேணாங்க்கா, அது உங்களுதுதான்னு சொன்னேன். உடனே ஆட்டோ புடிச்சி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கினு போனேன். ஏறறதுக்கு முன்னே அந்தப் புது கேரியர் அடுக்கு மூணுலயும் தண்ணி ரொப்பிக்கினாங்க. ஆஸ்பத்திரி வாசல் வர்றதுக்குள்ள மூணும் காலி.