மூன்றிலொரு குத்தி

வெறும் பால்மாத் தகர ரின்னுக்குள் ஐந்து ரூபாய் விழுந்தால் கனத்த சத்தம் கேட்கும், இரண்டு ரூபாய்க்கு அதைவிட மெலிந்த சத்தம். ஒரு ரூபாய்க்கு என்ன சத்தம் என்று எங்கள் வகுப்பில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாணயத்தை நாங்கள் "குத்தி" என்போம். சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் ஆண்டு படித்த காலம் அது. நவராத்திரி வந்தால் ஒவ்வொரு வகுப்பும் தன் வாணி விழாவுக்கு, அவலுக்கும் கடலைக்கும் பூவுக்கும் என்று, காசு சேர்க்கும். நாங்கள் நாற்பது பேர். இருக்கிறவர்கள் ஐந்து, இயலாதவர்கள் இரண்டு, ஆளுக்கு ஒரே ஒரு குத்தி என்பது எங்கள் கணித ரீச்சரின் சட்டம். இல்லாத பிள்ளை கூசக்கூடாது என்பதற்காக, "பொத்தின கையோடை வந்து போட்டிட்டுப் போங்கோ, ஆரும் ஆரின்ரை கையையும் பாக்கக்கூடாது" என்பார். ரின்னை வைத்திருந்தவள் வகுப்பு "மொனிற்றர்" தயாளினி. அவளுடைய தகப்பன் சாவகச்சேரிச் சந்தையில் மரக்கறி விற்றவர்.

அம்மா என் கையில் ஐந்து ரூபாயைத் தந்து, "சரசுவதியின்ரை காசு, கவனம். உதிலை கை வைச்சால் படிப்பு வராது" என்று சொல்லித்தான் அனுப்பினார். பள்ளிக்கூட வாசலில் ஐஸ்பழக்காரர் நின்றார். ஐஸ்பழம் நாலு ரூபாய். மிஞ்சிய ஒரு ரூபாயைப் பொத்திய கையோடு கொண்டுபோய் ரின்னில் போட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

ரீச்சர் சொன்னபடி தயாளினி அந்தச் சில்லறையைச் சந்தையில் தகப்பனிடம் கொடுத்துத் தாள்களும் மிச்சச் சில்லறையுமாக மாற்றிக்கொண்டு வந்தாள். நூற்று முப்பத்தொன்பது ரூபாய். அந்தக் கிழமைதான் குத்திக் கணக்குகள் படித்துக்கொண்டிருந்தோம், ரீச்சருக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. "ஆர் என்ன போட்டதெண்டு தெரியாது. ஆனால் எத்தினை பேர் ரெண்டு ரூவாய் போட்டவை எண்டு கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லி, கணக்கில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த என்னைப் பார்த்து, "நீர் வாரும் பிள்ளை" என்றார்.

ஐஸ்பழத்தை அடியோடு மறந்து, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போனேன். இரண்டு ரூபாய்க் குத்திகள் x என்றால், ஐந்து ரூபாய்க் குத்திகள் நாற்பதில் x போக மிச்சம். 2x + 5(40 − x) = 139 என்று எழுதி, அடைப்பை நீக்கி, 200 − 3x = 139 என்றாக்கி, 3x = 61 வரைக்கும் வெண்கட்டி தடங்கலில்லாமல் ஓடியது. அறுபத்தொன்றை மூன்றால் வகுத்தால் இருபதும் மூன்றிலொன்றும். அப்போதுதான் என் ஒரு ரூபாய் ஞாபகத்துக்கு வந்தது.

"குத்தியை மூண்டாய் வெட்டியே போட்டவை?" என்று ரீச்சர் கேட்க, வகுப்பு சிரித்தது. பிறகு அவரே மனதுக்குள் போட்டுப் பார்த்தார். நூற்று நாற்பது என்றால் கணக்குச் சரிவரும், நூற்று நாற்பத்துமூன்று என்றாலும் சரிவரும். "அப்ப ஒரு ரூவாயோ நாலு ரூவாயோ எடுபட்டிருக்கு" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தயாளினி எழும்பினாள். "ரீச்சர், அதுக்குள்ளை ஒரு ரூவாய்க் குத்தி ஒண்டு கிடந்தது."

"ஆர் போட்டது? எழும்புங்கோ பாப்பம்."

ஒருவரும் எழும்பவில்லை. நான் எழும்பவே தேவையில்லை, கரும்பலகையடியில் நின்றுகொண்டுதான் இருந்தேன், திரும்பினாலே போதும். திரும்பாமல், நான் எழுதிய கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலை, சந்தைக்குப் போகிற வழியில் தயாளினியின் தகப்பன் வந்தார். வேலியோடு சைக்கிளைச் சாத்திவிட்டு வகுப்புக்குள் வந்து, நாலு ரூபாயை ரீச்சரின் மேசையில் வைத்து, "சரசுவதிக்குச் செய்யிற காரியம் ரீச்சர், குறையக்கூடாது" என்றார். மகளின் பக்கம் பார்க்காமலே போய்விட்டார். அன்றைக்கே ரின் அவளிடமிருந்து என் கைக்கு மாறியது. கணக்குத் தெரிந்த பிள்ளையாம். நானும் வாங்கிக்கொண்டேன். அம்மா சொன்னதும் பலிக்கவில்லை. படிப்பு எனக்கு நன்றாகவே வந்தது, அதை நினைக்கத்தான் இன்னும் கூசுகிறது.

இன்று ஒரு ரூபாய்க் குத்தியைக் கடையில் யாரும் மதிப்பதில்லை, மிச்சக் காசுக்கு இனிப்பு ரொபி தருகிறார்கள். என் மகளின் வகுப்பில் வாணி விழாவுக்குப் பொத்திய கையும் இல்லை, பால்மா ரின்னும் இல்லை. யார் எவ்வளவு தந்தார்கள் என்று வட்ஸ்அப்பில் பெயரோடு பட்டியல் வருகிறது.

போன மாதம் சாவகச்சேரி பஸ் நிலையத்தில் தயாளினியைக் கண்டேன். இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்ததை, சுகம் விசாரித்து முடிக்கும் முன்னரே கொட்டிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும். ரீச்சர் கேக்கேக்கை எல்லாரும் ஆளையாள் பாத்தவை. நீ ஒருத்திதான் திரும்பேல்லை."

"உங்கடை அப்பாவிட்டை வந்து சொல்லவேணும்" என்றேன்.

அப்பா செத்து ஆறு வருடமாகிறது என்றாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு போனவள் படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

"'பிள்ளை, நீ எடுத்தனியோ?' எண்டு அவர் என்னட்டை ஒருக்காலும் கேக்கேல்லை. என்னை நம்பினபடியால் கேக்கேல்லையோ, கேக்கப் பயந்து விட்டவரோ, அது எனக்கு இண்டைக்கும் தெரியாது."