காணிக்கைப் பையில் விழுந்த மாத்திரைகள்

என் மகள் ரெபேக்கா மனநோய்க்காகக் குடித்துவந்த மாத்திரைகளை, சபை முழுவதும் பார்த்திருக்கக் காணிக்கைப் பையில் போட வைத்தவன் நான். அவள் விரும்பிப் போடவில்லை. நான் போடச் சொன்னேன். போட்டதும் மைக்கைப் பிடித்து, கர்த்தர் என் மகளைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். அது பொய். தேவன் எங்களுக்குச் செய்த நன்மையை இனி எழுதப் போகிறேன். அதை வாசித்துவிட்டு என்னை யாரும் நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இலங்கையில், இரத்தினபுரிக்குப் போகிற வழியில், குருவிட்டவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து, அதிபராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஜெபக் குழுவில் மூப்பனாகவும் இருந்தேன். ரெபேக்கா எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. எங்கள் தோட்டத்திலிருந்து தாதியர் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகம் போன முதல் பெண். அவள் தெரிவான வாரம் சபையில் நான் நன்றி சொல்லிப் பேசினேன். அந்தப் பேச்சில் தேவனைவிட நான்தான் அதிகமாக இருந்தேன்.

மூன்றாம் வருடம் சித்திரை விடுமுறைக்கு எலும்பும் தோலுமாக வந்தாள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். கேட்டதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். விரிவுரை ஆங்கிலத்தில், நோயாளிகள் பேசுவது சிங்களத்தில். தமிழில் அழத்தான் நேரம் கிடைத்ததாம். வார்டில் அவள் கவனித்துவந்த ஒரு தாய், அவள் கையைப் பிடித்தபடியே இறந்துபோனார். கையை விடுவித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

அவளுடைய பையில் மாத்திரைகளைக் கண்டெடுத்தது நான்தான்.

"இது என்னா?"

"மருந்துப்பா. டொக்டர் தந்தது. மனசுக்கு."

"மனசுக்கா, பைத்தியத்துக்கா? ஊருக்கே மருந்து குடுக்கப் போறவ நீ. நீயே இத முழுங்குறியா?"

"எங்க பெட்ச்ல எத்தன புள்ளைங்க வைட்டமின் போத்தல்ல ஒளிச்சு வச்சுக் குடிக்குதுங்க தெரியுமாப்பா? நான் ஒளிக்கல. அதுதான் நான் செஞ்ச தப்பா?"

எனக்கு அவளைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது பயம். வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்? அரசாங்க நியமனம் கிடைக்குமா? மூப்பனுடைய வீட்டிலேயே இப்படி என்று பேசமாட்டார்களா? அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காக ஜெபித்தோமோ அவர் மாதக் கடைசி ஞாயிறு எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சுகம் கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக அறிக்கையிட்டால் அது பெரிய விசுவாசம். எத்தனையோ பேரை நானே அப்படி எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். காய்ச்சலோடு நின்றவர்களையும் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்ல வைத்திருக்கிறேன். அந்த ஞாயிறு என் மகளை நிறுத்தினேன். காணிக்கைப் பை அவள் முன்னால் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன். மாத்திரை அட்டைகள் உள்ளே விழுந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் விடுதிக்குத் திரும்பிப் போனாள். தொலைபேசியில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்வாள். அதையும் நான் சபையில் சாட்சியாகச் சொன்னேன்.

ஆனி மாதத்தில் ஒரு காலை அவளுடைய அறைத் தோழி நதீஷா அழைத்தாள். சிங்களப் பிள்ளை. "அங்கிள், ரெபேக்கா வீட்டுக்கு வந்தாளா? விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். வார்டுக்கு வரவில்லை, தொலைபேசியும் வேலை செய்யவில்லை" என்று சிங்களத்தில் படபடவென்று சொன்னாள். பிறகு கேட்டாள்: "மருந்தை நிறுத்தியிருக்கிறாள் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரியும். நீங்களா நிறுத்தச் சொன்னீர்கள்?" எங்கெல்லாம் தேடினாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். "அனே அங்கிள்", ஐயோ அங்கிள், என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, நல்லாக் கேட்டுக்கிடுங்க. எம் புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா, இந்த வீட்டுல ஜெபம்னு வாயத் தொறந்துறாதீங்க. தொறந்தா அடுப்புக் கட்டையாலயே அடிப்பேன்."

கீழே பிரதான வீதிச் சந்திக்குப் போய் நின்றேன். அவள் படித்த கொழும்புப் பக்கமிருந்து இரத்தினபுரிக்குப் போகிற பஸ்கள் எல்லாம் அங்கே நிற்கும். மழை. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, ஆண்டவரே, அவளை வீட்டுக்குக் கொண்டுவாரும் என்று ஜெபித்தேன். செய்தி கேட்டு எங்கள் குழுவின் தலைவர் பிரதர் தானியேல் குடையோடு வந்தார்.

"அண்ணே, மனசக் கொழப்பிக்காதீங்க. ஆனா ஒன்னு சொல்றேன். ரெபேக்கா தங்கச்சியோட விசுவாசத்துல எங்கயோ ஓட்ட இருக்கு. இல்லாட்டி இப்பிடி ஆகாது."

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் பயந்து பின்வாங்கினார். ஆனால் அது அவருடைய பேச்சல்ல, நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த பேச்சு. எத்தனை வீட்டு வாசலில் நின்று அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்! கையை எடுத்தேன். அந்த இடத்திலேயே என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, அவளை என்னிடம் கொண்டுவர வேண்டாம். உயிரோடு எங்கேயாவது வையும். இவ்வளவுதான் கேட்டேன்.

பிற்பகலில் இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. என் மகள் தானாகவே நடந்து போய், தான் தாதி மாணவி என்று சொல்லி, தன்னைத் தனியாக விடவேண்டாம் என்று கேட்டுச் சேர்ந்திருக்கிறாள்.

நாங்கள் போனபோது தாயை மட்டும் உள்ளே விட்டார்கள். மூன்றாம் நாள்தான் மகள் என்னைப் பார்க்கச் சம்மதித்தாள்.

"எதுக்கு வந்தீங்க? சாட்சிக்கு இன்னும் ஏதாச்சும் கொறையுதா?"

"ஏம்மா, வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?"

"ஒங்களச் சந்தியில கண்டேன்ப்பா. ஜன்னலோரமாத்தான் இருந்தேன். உயிரோட இருக்க வேணாம்னுதான் ஹொஸ்டல விட்டு வந்தேன். ஒங்களக் கண்டதும் எறங்கலாம்னு எழும்புனேன். எறங்குனா ஆஸ்பத்திரிக்கா கூட்டிப் போவீங்க? முழங்கால்ல நிக்க வச்சிருப்பீங்க. அதான் திரும்ப உக்காந்துட்டேன். பஸ் போற எடத்துல ஆஸ்பத்திரி இருக்குன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

அதோடு அவள் விடவில்லை.

"நீங்க பிரஷர் மாத்திர போடுறீங்கல்ல? அத ஏன் பையில போடல?"

பிரியமானவர்களே, என் ஜெபம் கேட்கப்பட்டது இப்படித்தான். வீட்டுக்குக் கொண்டுவாரும் என்று கேட்டேன். அந்த ஜெபத்தைத் தேவன் கேட்டிருந்தால் என் பிள்ளையை இழந்திருப்பேன். என்னைத் தாண்டி அவளைக் கொண்டுபோனார். என் கண் முன்னாலேயே, நான் நின்ற சந்தியைக் கடந்து, பிழைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார். ஸ்தோத்திரம் என்று சொல்ல அன்றுதான் எனக்கு வாய் வந்தது. மெதுவாகத்தான் சொன்னேன், அவளுக்குக் கேட்காமல்.

அவள் வீடு திரும்பியபின், மாதக் கடைசி ஞாயிறு நான் எழுந்தேன். "என் மகள் சுகமாகவில்லை. நான் பொய் சொன்னேன். அவள் இப்போது மருந்து குடிக்கிறாள், குடிப்பாள். இங்கே நான் எழுப்பி நிறுத்திய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "சாத்தான் பேசுறான், ஒக்கார வைங்கப்பா!" மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் மைக் இல்லாமல் சொல்லி முடித்தேன். மூப்பன் பொறுப்பைப் பறித்தார்கள். இன்றும் வழியில் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும். நானும் ஒரு காலத்தில் திருப்பிக்கொண்டவன்தான்.

ரெபேக்கா ஒரு வருடம் பிந்தி, தனக்கு இளையவர்களோடு படிக்கிறாள். கிளினிக்குக்கு நானும் போகிறேன். உள்ளே வரவேண்டாம் என்கிறாள், வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பேன். இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். "நீங்க செஞ்சத எழுதுங்க. என் நோயோட பேர எழுதாதீங்க" என்றாள். அப்படியே செய்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை மருந்து குடிக்கிறதா? ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். அது விழுங்கிய பிறகு ஜெபியுங்கள். மருத்துவரைக் கொண்டும் ஜெபத்துக்குப் பதில் தருகிற தேவனை நம்புங்கள். சாட்சி சொல்லச் சொல்லி எழுப்பாதீர்கள்.

போன மாதம் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை வேறு ஆசனத்தில்தான் இருப்பாள். தைரியம் வந்து கேட்டேன்.

"அப்பாவ மன்னிச்சிட்டியாம்மா?"

வெளியே பார்த்தபடி சொன்னாள். "மன்னிச்சிட்டேன்னு சொன்னா, அதயும் போயி சாட்சியாச் சொல்லிருவீங்க. அதுனால சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. எங்கள் சந்தி வந்ததும் இரண்டு பேரும் இறங்கினோம்.