கச்சான் காற்றுக்கு ஆகாத மட்டை

சீனக்குடா கோல்ஃப் திடலின் ஐந்தாம் குழிக்கு முன்னால் உட்துறைமுகத்தின் தண்ணீர் ஒரு விரல்போல உள்ளே நுழைந்திருக்கிறது. ஆழம் முழங்காலுக்கு மேல் இல்லை. ஆனால் அதில் விழுந்த பந்து விழுந்ததுதான். புல்லில் கிடக்கும் பந்தை அடித்துத் தண்ணீரைக் கடத்தி அப்பால் இறக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக என்னுடைய மூன்றாம் இலக்க அயன் என்ற நீண்ட இரும்பு மட்டை அந்த வேலையைச் செய்தது. இடது தோளில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு செய்யவில்லை. பந்து நேராகத்தான் போனது. பாதித் தூரத்தில் இறங்கியது.

கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குத் திருகோணமலையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். கோல்ஃப் விளையாடும் தமிழ் நிருபரைக் கண்டதில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நானும் கண்டதில்லை. ஓய்வுபெற்ற அடுத்த மாதம் என் நண்பர் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். அவர் துறைமுகத்தில் பைலட்டாக இருந்தவர். வெளியிலிருந்து வரும் கப்பல்களில் ஏறி அவற்றைப் பத்திரமாக உள்ளே கொண்டுவருவது அவருடைய தொழில். வழிகாட்டிப் பழகிய குரல். அந்தக் குரல் சொன்னபடிதான் மட்டையைப் பிடித்தேன், நின்றேன், அடித்தேன்.

ஆவணியில் அங்கே ஒரு சோடிப் போட்டி நடக்கும். கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நானும் அவரும் ஒன்பது முறை சோடியாக நின்றோம். ஒரு முறையும் முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆண்டில் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் என் பெயர் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். பத்திரிகையில் எத்தனையோ முறை அச்சான பெயர்தான். இருந்தும் அந்தப் பலகையைப் போய்ப் பார்ப்பேன். தோள் இப்படியே இருந்தால் அந்த இடம் இந்த வருடம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

வைகாசியில் ஹைபிரிட் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். நீண்ட இரும்பு மட்டைக்கும், பெரிய தலையுள்ள மரமட்டைக்கும் நடுவே செய்யப்பட்ட ஒன்று அது. அடிப்பாகம் குண்டாக இருக்கும். புல்லில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அதிக பலம் இல்லாத கைக்கும் பந்து உயர எழும்பும். பையில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் வைக்க விதி இடம் தராது. அதை உள்ளே வைத்தால் மூன்றாம் இலக்க அயன் வெளியே போக வேண்டும்.

மனைவியிடம் சொன்னேன்.

"ஹைபிரிட் எண்டால் பெற்றோல் மிச்சமோ?" என்றாள்.

"தோள் மிச்சம்."

"அப்ப வாங்குங்கோவன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் போட்டு உரஞ்சிறது நான்தானே."

வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரே வாயை நம்பிச் செய்தி அனுப்பாதே என்பது எனக்குத் தொழில் பழக்கிய விதி. குறைந்தது இரண்டு பேர். அதன்படி முதலில் நண்பரிடம் கேட்டேன். விளையாட்டு முடிந்து விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"ஐசே, உமக்கு விசரே?" என்றார். "கொழும்பில அது சரி. இஞ்ச கச்சானுக்கு ஆகாது. பந்தை மேல தூக்கும். காத்து அள்ளிக்கொண்டு போய் ஓடுபாதையில போடும். பிறகு பிளேன் இறங்கேக்க நீர் அங்க நிண்டு பந்து தேடும்."

சிரித்தேன். கச்சான் எங்கள் ஊரின் தென்மேல் காற்று. ஆடியில் குடை பிடித்தவரைக் குடையோடு திருப்பிவிடும். விமான ஓடுபாதையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

"தோள் நோகுது," என்றேன்.

"நோகும். பழகப் பழகச் சரிவரும். அயனை விடாதையும்."

இரண்டாவதாக நானாவிடம் கேட்டேன். திடலில் எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் அவரை அப்படித்தான் அழைப்பார்கள்; கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருபவர். மட்டைகளின் கைப்பிடி மாற்றுவது, தலை கழன்றால் ஒட்டுவது எல்லாம் அவர்தான். எங்கள் பைகளில் என்ன இருக்கிறது என்று எங்களைவிட அவருக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை, கையில் பசையோடு, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

"வேணாம் சேர். கச்சானுக்கு ஆகாது. பந்தை மேல தூக்கும். காத்து அள்ளிக்கொண்டு போய் ஓடுபாதையில போடும்."

நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் இரண்டு சாட்சிகள் ஒரே வாக்கியத்தை ஒரே வரிசையில் சொன்னால் பேனாவை மூடிவிட்டு அவர்களுடைய முகத்தைப் பார்ப்பேன். வாக்கியம் வேறு யாருடையதோ என்று அர்த்தம். அன்றைக்கும் அந்த ஒற்றுமை என் காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். செய்தி தரும் எவரிடமும் கேட்கும் அடுத்த கேள்வியை, உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்பதை, இருவரிடமும் கேட்கவில்லை. ஒருவர் நண்பர். மற்றவர் நண்பர் மூலம் எனக்கு அறிமுகமானவர்.

ஆனியும் ஆடியும் அயனோடு போயின. சனிக்கிழமைகளில் ஐந்தாம் குழியில் நின்று பந்துக்கு மேல் பந்து அடித்தேன். நண்பர் பொறுமையாகப் பக்கத்தில் நிற்பார். "கிட்ட வந்திட்டீர்," என்பார். கிட்ட வரவில்லை. ஒரு நாள் பந்து தண்ணீரில் விழுந்ததும் நீர்க்காகம் ஒன்று பயந்து எழுந்து பறந்தது. "அதுக்காவது ஒரு வேலை குடுத்தீர்," என்று அவர் சொல்ல இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்ற மனைவியின் உதவி தேவைப்பட்டது.

ஆடி முடிவில் நானே சொன்னேன். "இந்த முறை நீர் வேற ஆரையும் பாரும். நான் உம்மை இழுத்து விழுத்துவன்."

"நீர் இல்லாமல் நான் விளையாடுறதோ? என்ன கதை கதைக்கிறீர்?" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். துறைமுகத்தைப் பார்த்தார். அக்கரையில் கோதுமை மா ஆலைக்கு வந்த கப்பல் ஒன்று கட்டியிருந்தது. பிறகு, "தோளைப் பாக்கத்தானே வேணும்," என்றார். தேநீர் ஆறுவதற்குள் சம்மதித்துவிட்டார்.

பலகையில் எங்கள் இருவருடைய பெயர்களும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. என் பெயரை நானே வெட்டினேன். என்னிடம் பேனா இருக்கவில்லை. அவர் தந்தார்.

போட்டியன்று பார்வையாளனாகப் போனேன். நல்ல கச்சான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். நண்பரின் புதிய சோடி நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் முகாமையாளர். முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. ஐந்தாம் குழியில் நண்பர் தன் பைக்குள் கைவிட்டு, சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை மாட்டிய மட்டை ஒன்றை எடுத்தார். அந்தக் காலுறையை நான் பல மாதங்களாகப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது சின்ன மரமட்டை என்று நானே முடிவு செய்திருந்தேன். அதைக் கழற்றினார். ஹைபிரிட்.

அடித்தார். பந்து உயர எழுந்தது. காற்று அதைச் சற்று வலப்பக்கம் தள்ளியது. தண்ணீரைக் கடந்து பச்சைப் புல்லின் நடுவே இறங்கி, இரண்டு முறை துள்ளி நின்றது. சிலர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மட்டையைத் துடைத்தபோது அதன் அடிப்பாகம் என் பக்கம் திரும்பியது. கறுப்பு வர்ணம் முன்விளிம்பில் தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. ஒரு வாரத்துத் தேய்வல்ல. ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். காலுறையை மறுபடி மாட்டினார்.

ஆறாம் குழிக்கு நடக்கும்போது முகாமையாளர் என் பக்கம் வந்தார். "தாங்ஸ் அங்கிள். நீங்கள் விட்டுத் தந்தபடியாத்தான் எனக்கு இடம் கிடைச்சது."

"உங்களை எப்ப கேட்டவர்?"

"பங்குனியில. உங்களுக்கு ஏலாது, இந்த முறை நீங்கள் நிக்கேல்லை எண்டு சொன்னவர்."

அவர் பொய் சொல்லக் காரணம் இல்லை. பங்குனியில் என் தோளின் தையல்கூட முழுதாக ஆறியிருக்கவில்லை. ஹைபிரிட் வாங்கலாமா என்று நான் நண்பரைக் கேட்டது அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து.

நான் நேரே நானாவிடம் போனேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "கச்சானுக்கு ஆகாது எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். "அவரு சொல்லச் சொன்னாரு சேர். சேருக்குத் தோள் சரியில்ல, வீணா வாங்கி இன்னும் கெடுத்துக்குவாரு, நீங்களும் இப்பிடிச் சொன்னாத்தான் கேப்பாருன்னாரு. நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்."

"அவர் எத்தனை நாளா அதால அடிக்கிறார்?"

"போன வருசத்துல இருந்து. செவ்வாய்க்கிழம காலையில வருவாரு."

நான் சனிக்கிழமை மட்டும் போகிறவன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர் உவர்மலையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த மட்டை, காலுறையோடு. மனைவி கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். தேநீர் கொண்டுவரவில்லை.

"உம்மட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமப் போச்சு," என்றார். "நீராவே விட்டால் உமக்கும் மரியாதை எண்டு நினைச்சன்."

பேட்டி எடுக்கும்போது மௌனம் நல்ல கருவி. எதிரில் இருப்பவர் அதை நிரப்புவார். அவர் நிரப்பினார்.

"எனக்கும் எழுபது ஆகுது ஐசே. ஒருக்காலாவது அந்தப் பரிசு மேசையில இருந்து ஒரு கிண்ணம் தூக்க வேணும் எண்டு ஆசை. பெடியன் நல்லா அடிக்கிறான். அதில என்ன பிழை?"

"அதில பிழை இல்லை," என்றேன். "பங்குனியில வந்து சொல்லியிருந்தால் ஒரு கிழமை கோவமா இருந்திருப்பன். பிறகு உங்களுக்குக் கைதட்ட வந்திருப்பன். இரண்டு மாசம் பக்கத்தில நிண்டு, கிட்ட வந்திட்டீர் எண்டு சொன்னீங்களே, அது என்னத்துக்கு?"

ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக அவரை நீங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் கவனித்தார். மட்டையைச் சுவரில் சாத்தினார். "இதை நீர் வைச்சிரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் மூன்றாவதாக வந்திருந்தார்கள். கிண்ணம் முதல் இரண்டு சோடிகளுக்குத்தான்.

வாசலில் கார் போன சத்தம் அடங்கியதும் மனைவி வெளியே வந்தாள். "அவரிட்டக் கேட்டீங்கள். நானாவிட்டக் கேட்டீங்கள். தோளிட்ட மட்டும் கேக்கேல்ல," என்றாள். காலுறையைத் தொட்டுப் பார்த்தாள். "இதைத் திருப்பி அனுப்புங்கோ. ஆரோ ஒருத்தரின்ர சொக்ஸ் எங்கட வீட்டில வேண்டாம்."

அனுப்பினேன். கொழும்புக் கடை ஒன்றுக்குத் தொலைபேசியில் சொல்லி எனக்கென்று ஒன்றை வரவழைத்தேன். பஸ்ஸில் வந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், கைப்பிடியைச் சற்றுத் தடிப்பாக்கித் தரும்படி நானாவிடம் ஒப்படைத்தேன். பையில் வைக்கத்தான் வேண்டுமா என்பது அப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தோள் சரியில்லை, இது இன்னும் கெடுக்கும் என்று நண்பர் சொன்னது மட்டும் உண்மையாக இருக்கலாம் அல்லவா? பொய் சொன்னவர் சொன்னதெல்லாம் பொய் என்று எழுதுவதும் நல்ல நிருபருக்கு அழகல்ல.

வியாழக்கிழமை காலை போனேன். செவ்வாயும் சனியும் இனி நண்பருடையவை. நானா மட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"நல்ல சாமான் சேர். வைக்கலாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்கு முகம் சிவந்தது. "நேத்துப் பின்னேரம் அஞ்சாம் குழில நானே அடிச்சுப் பாத்தேன் சேர். உங்கக்கிட்டக் கேக்காம. நாலு பந்து. நல்ல காத்து."

"ஓடுபாதையில விழுந்துதோ?"

"இல்ல சேர்," என்றார், தரையைப் பார்த்தபடி. "நாலும் அந்தப் பக்கம்."

அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். புதுக் கறுப்பில் நான்கு மெல்லிய கீறல்கள். பையிலிருந்து மூன்றாம் இலக்க அயனை உருவி அவரிடம் கொடுத்துவிட்டு, இதை அதன் இடத்தில் வைத்தேன். முடிவெடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. வைகாசியிலும் அவ்வளவு நேரம் போதுமாக இருந்திருக்கும்.