மச்சான் கேட்ட பெடல் உயரம்

மோட்டார் வாகன ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பழக்கம் என்னை விடவில்லை. யாராவது வண்டியில் வந்து இறங்கினால் என் கண் முதலில் டயருக்குப் போகும், பிறகு பிரேக்குக்கு, அதன் பிறகுதான் ஆளுக்கு. செஞ்சி கடைத்தெருவில் எனக்கு வணக்கம் வைப்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள். அவர்கள் ஓட்டுகிற அழகைப் பார்த்த பிறகு அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு பிற்பகல் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, தொண்டூரில் விவசாயம் செய்பவன். மனைவியை இழந்தவன், மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். வண்டியை விட்டு இறங்காமலே சொன்னான்.

"மாமா, பின் பிரேக்கு காலுக்கு எட்ட மாட்டேங்குது. பெடலக் கொஞ்சம் தூக்கி வெச்சுக் குடுங்க. சீரு ஏத்திக்கினு வரணும்."

மாமனார் மாமியார் போன பிறகு பொங்கல் சீரை அவன்தான் கொண்டுவருகிறான். அரிசி, வெல்லம், பூசணிக்காய், மஞ்சள் கொத்து எல்லாம் மூட்டையாகப் பின்னால் இருக்கும். கரும்புக் கட்டு பக்கவாட்டில் தோகையோடு சாலையைப் பெருக்கிக்கொண்டே வரும். மோட்டார் வாகனச் சட்டப்படி அதில் எத்தனை குற்றங்கள் என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் வாசலில் நின்று அவற்றை மனதுக்குள் எண்ணிவிட்டுக் கரும்பை இறக்கி வைப்பேன். ஒரு முறை, பஸ்ஸில் வரலாமே என்றேன்.

"டிக்கெட் எடுத்துக்கினு வந்தா அதுக்குப் பேரு சீரா மாமா?" என்று கேட்டான். அதன் பிறகு பஸ் பேச்சை நான் எடுக்கவில்லை.

சர்க்கரை நோய் அவனுக்குப் பல வருஷமாக உண்டு. போன மழைக்காலத்தில் வலது பாதத்தில் கருவேல முள் ஏறியதை, வீட்டுக்கு வந்து தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். புண் ஆற மாதங்கள் ஆயின. ஆஸ்பத்திரியில் பின்பட்டை வைத்த மெத்தைச் செருப்பு கொடுத்து, அது இல்லாமல் நடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். "முள்ளு குத்துனாக்கூட வலிக்கல மாமா. இதுவும் ஒரு வசதிதான்" என்று சிரித்தான். என் மனைவி அன்று அவனுக்கு மோர் கொடுக்க மறுத்துவிட்டாள்.

நான் ஸ்பானர்களை எடுத்து வந்தேன். வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் பெடல் உயரத்தை 'ஓட்டுபவரின் வசதிக்கேற்ப' மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டிருக்கும். வசதி என்பது எது, அதை யார் முடிவு செய்வது என்று போட்டிருக்காது. முதலில் பெடலுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பு போல்ட்டின் லாக்நட்டைத் தளர்த்தி உயரத்தை வைக்க வேண்டும். உயரம் மாறினால், பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்குகிற ஆட்டமும் மாறும். எனவே சக்கரத்தருகே இருக்கும் நட்டைத் திருப்பி அதைச் சரி செய்ய வேண்டும். கடைசியில் பிரேக் விளக்கின் சுவிட்ச். இந்த வரிசையை மாற்றிச் செய்து, கெட்டது வண்டிதான் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"இப்ப பாரு, எட்டுதா?"

"இன்னும் கொஞ்சம் மாமா."

இன்னும் தூக்கினேன். ஃபுட்ரெஸ்ட்டை விட மேலே வந்துவிட்டது. அந்த உயரத்தில் வேறு யார் ஓட்டினாலும் ஐந்து நிமிஷத்தில் கணுக்கால் கடுக்கும்.

"இது போதுமாடா? ஏணி வெச்சு ஏறணும் போல இருக்குது."

"உங்குளுக்கு இன்னா மாமா, ஆபீஸ் நாற்காலியிலயே பிரேக்கு புடிச்சவரு. இப்பதான் எட்டற மாதிரி இருக்குது."

சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் சுற்றியது. கையால் பெடலை அழுத்தினேன். விளக்கு சரியாக எரிந்தது, விட்டதும் அணைந்தது. அக்காவிடம் காபி குடித்துவிட்டுக் கிளம்பினான். வேலை செய்த வண்டியைச் சாலையில் பார்க்காமல் விடும் வழக்கம் எனக்கில்லை. என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரைத் தாண்டும்போது அவன் வண்டியின் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஏதோ குறுக்கே வந்திருக்கும், பிரேக் பிடிக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் வேகம் குறையவில்லை. மேட்டில் எரிந்தது, வளைவில் எரிந்தது, ஆளே இல்லாத நேர்ச் சாலையிலும் எரிந்தது. ஒருமுறைகூட அணையவில்லை. பாதி வழியில் அவன் பின்சக்கரத்திலிருந்து பிரேக் கட்டை தீய்கிற வாசனை வந்தது.

பெடல் காலுக்கு எட்டாமல் இல்லை. கால் எப்போதும் பெடலின் மேல்தான் இருக்கிறது. இருப்பது காலுக்குத் தெரியவில்லை.

தொண்டூரில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா மாமா, ஃபைன் போட வந்தீங்களா?"

சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியைத் திருப்பி, ஏறி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். கண்ணை மூடச் சொன்னேன்.

"கால ஃபுட்ரெஸ்ட்டுல வெய்யி."

"வெச்சிட்டேன்."

"பெடல் மேல படுதா?"

"எங்க படுது? நான்தான் இன்னும் மெதிக்கவே இல்லியே."

வண்டிக்குப் பின்னால் பொங்கலுக்காகச் சுண்ணாம்பு அடித்த மாட்டுக்கொட்டகைச் சுவர் பிரேக் விளக்கில் சிவப்பாக இருந்தது. அவனே கண்ணைத் திறந்து சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"சுவிச்சு லூசா இருக்கும் மாமா. நீங்க சரியா டைட் பண்ணல."

என் வேலையில் குறை சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அன்று அது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. "இருக்கும்" என்று சொல்லி, குனிந்து, சரியாக இருந்த சுவிட்சை ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். நான் நிமிர்வதற்குள் அவன் இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே பிடித்துக் காலைத் தூக்கினான். சுவர் வெள்ளையானது. இறக்கினான். சிவப்பானது. பிறகு சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டான்.

"லைசென்சு குடுத்தவரே புடுங்கிக்கினு போறீங்க. அக்காகிட்ட சொல்லாதீங்க."

"சீரு?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

போகிக்கு முதல் நாள் நான் பஸ்ஸில் தொண்டூர் போனேன். அவன் வண்டியை நான் ஓட்ட, மூட்டையை மடியிலும் கரும்பைத் தோளிலும் வைத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தான். வாங்குகிற வீட்டுக்காரனே போய்ச் சீரை ஏற்றி வருவதற்கு எந்த ஊரிலும் முறை கிடையாது. எதிரே லாரி வரும்போதெல்லாம் அவன் முழங்கால் என் இடுப்பில் இறுகியது. பின்னாலிருந்து அவனும் பிரேக் பிடித்துக்கொண்டுதான் வந்தான்.

வாசலில் என் மனைவி ஆரத்தித் தட்டைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாடா, மாமாவ டிரைவரா வெச்சிக்கினியா?"

"ரிட்டயர் ஆயிட்டு சும்மாதான இருக்குறாரு. ஒரு வேல குடுத்தேன்க்கா."

அவள் சிரித்துக்கொண்டே மூட்டையை வாங்கினாள். அவன் மெல்ல இறங்கிக் கரும்பைச் சாத்தினான். அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள்.

"ஒரு செருப்பு எங்கடா?"

அக்கா வீட்டுக்குச் சீர் கொண்டுபோகும்போது ஆஸ்பத்திரிச் செருப்பு எதற்கு என்று, அன்றைக்குப் புதிதாக ஒரு தோல் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தான். இடது காலில் அது இருந்தது. வலது கால் வெறுங்காலாக மண்ணில் இருந்தது. அவனும் குனிந்து பார்த்தான், யாருடைய காலையோ பார்ப்பதுபோல. எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு வண்டியை, பிறகு என் கையிலிருந்த சாவியை.

செருப்பைத் தேடுகிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன். சாலை ஓரத்தைப் பார்த்து ஓட்டியதால் அடிக்கடி பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பாதத்தை மேலே மடக்கித் தூக்கினேன். கணுக்கால் கடுத்தது. ஒரு வேகத்தடைக்குப் பக்கத்தில் கிடந்தது செருப்பு, அதன் மேல் ஏதோ வண்டி ஏறியிருந்தது.

திரும்பி வந்தபோது அவன் நாற்காலியில் இருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து, அவன் காலைத் தன் மடியில் வைத்து, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூசுதாடா?" என்று கேட்டாள்.

"கூசுதுக்கா" என்றான் அவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வண்டி இப்போது என் வீட்டில்தான் நிற்கிறது. அவனை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப்போகிறேன். பெடலை என் காலுக்கு இறக்கி வைக்க இரண்டு ஸ்பானர் போதும், வரிசையும் எனக்குத் தெரியும். அவன் கேட்ட உயரத்திலேயே விட்டிருக்கிறேன்.