சண்டைக்குக் கூப்பிட்ட விழுப்புரம்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போகும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர்கள், பால்குடம் எடுக்கப் போகிறவர்கள், சும்மா ஊருக்குப் போகிறவர்கள் என்று வண்டி பாதி நிறைந்திருந்தது. நான் மட்டும் சண்டை போடப் போய்க்கொண்டிருந்தேன்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கல்லூரி நாட்களிலேயே போய்விட்டது. இதை யாரிடமும் மறைத்ததும் இல்லை, தெருவில் நின்று கூவியதும் இல்லை. சில மாதங்களுக்கு முன் முகநூலில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினேன். கோயில் நகரத்தில் கடை வைத்திருக்கிறேன், என் பெயர் பரமேஸ்வரி, எனக்குக் கடவுள் இல்லை, பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை நன்றாகச் செய்வேன், அவ்வளவுதான் என்று. அது எங்கெங்கோ சுற்றி விக்னேஷ் என்கிற இளைஞரின் கண்ணில் பட்டிருக்கிறது. விழுப்புரத்தில் கேபிளிலும் யூடியூபிலும் உள்ளூர் சேனல் நடத்துகிறவர். ஆடிச் சிறப்பு நிகழ்ச்சி, நேரலை, கடவுள் உண்டா இல்லையா என்று தலைப்பு, எதிரில் ஒரு சிவனடியார், நீங்கள் வர வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

முந்தின நாள் மறுபடியும் கூப்பிட்டார். கறுப்புப் புடவை இருந்தால் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். இருக்கிறது, ஆனால் எனக்கு மாம்பழ நிறம்தான் எடுக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. நாத்திகர் என்றால் நம் செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் தெரிந்த படம் ஒன்றுதான்: மேடை, மைக், கறுப்புச் சட்டை, மீசை. எங்காவது ஒரு சிலை உடைந்தாலோ, யாராவது யாரையாவது திட்டினாலோதான் அந்தச் சொல் அச்சில் ஏறும். காலையில் வாசல் தெளித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சாமி கும்பிடாமல் கடை திறக்கிற பெண் செய்தியாக மாட்டாள். செய்தியில் வராத வரைக்கும் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. அதனால்தான் கிளம்பினேன்.

வந்தவாசி தாண்டியதும் வண்டி வேகம் எடுத்தது. இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும், நடுநடுவே சவுக்கு. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் வேப்பிலைத் தோரணம். ஒலிபெருக்கியின் அம்மன் பாட்டு ஓர் ஊரில் முடிவதற்குள் அடுத்த ஊரில் தொடங்கிவிடும். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும். பின்சீட்டு அம்மாள் கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அடி மறந்த இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்குள் திண்டிவனம். மேம்பாலத்துக்குக் கீழே இறங்கினால் நான்கு திசைக்கும் வண்டி கூப்பிடுகிறார்கள். புதுச்சேரி, செஞ்சி, மரக்காணம் என்று ஒரே கூச்சல். சேனல் அனுப்பிய வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. ஓட்டுநர் பிரபு அடையாளம் கேட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தார். உள்ளே என்னோடு சண்டை போடப் போகிறவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரபு தலையைச் சொறிந்தார். முன்சீட்டு முழுக்க ரிப்பேரிலிருந்து எடுத்துவந்த விளக்குகள், அதனால் இருவரும் பின்னால்தான் உட்கார வேண்டும் என்றார். கார் ஒன்றுதான், டீசல் விற்கிற விலையில் இரண்டு டிரிப் முடியாது என்றும் சொன்னார்.

அவர் பெயர் சபாபதி. வயது அறுபதை ஒட்டி இருக்கும். செஞ்சி சாலையில் ஒரு கிராமத்தில் சொந்த நிலம், வேர்க்கடலை போடுகிறார், அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம். மார்கழியில் ஊர்க்கோயிலில் விடியற்காலைப் பாராயணம் நடத்துகிறவர் என்று பிரபு அறிமுகப்படுத்தினார். நான் வணக்கம் ஐயா என்றேன். அவரும் கும்பிட்டார். பிறகு என் நெற்றிப் பொட்டையும் மாம்பழ நிறப் புடவையையும் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, “அந்தம்மா வேற கார்ல வர்றாங்களா?” என்று பிரபுவிடம் கேட்டார்.

நான்தான் அந்தம்மா என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். நாற்கரச் சாலையில் முக்கால் மணி நேரம் போதும். ஆனால் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சாலையோரக் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிரபு காரை ஓரம் கட்டினார். பெரிய அண்டாவில் கேப்பைக் கூழ், பக்கத்தில் தாம்பாளத்தில் சின்ன வெங்காயமும் சட்டியில் கருவாட்டுக் குழம்பும். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சொம்பில் வாங்கி நின்றபடியே குடித்தேன். இன்னொரு முறையும் வாங்கினேன்.

சபாபதி கருவாட்டைத் தொடாமல் கூழை மட்டும் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது அம்மனுக்குப் படைத்தது, நீங்கள் குடிப்பீர்களா என்று கேட்டார். எனக்குப் பசி, அவர்கள் அன்பாகக் கூப்பிட்டார்கள், கூழும் நன்றாக இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் நின்றபோது என்னைக் கேள்விகளால் துளைத்தார். வீட்டில் விளக்கு ஏற்றுவீர்களா, உங்கள் அம்மா கோயிலுக்குப் போனால் தடுப்பீர்களா, சாமி படத்தைக் கண்டால் கோபம் வருமா. விளக்கு ஏற்றுவதில்லை, அம்மாவைக் கோயில் வாசல் வரை வண்டியில் கொண்டுபோய் விடுவேன், படத்தைப் பார்த்து என்ன கோபம் என்றேன். டிவியில் வருகிறவர்கள் அப்படி இல்லையே என்றார். டிவியில் வருகிற பக்தர்கள் மட்டும் உங்களை மாதிரியா இருக்கிறார்கள் என்று கேட்டேன். இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

சாவடி தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்மா. அதுக்காகத்தான் இதுக்கே ஒத்துக்கினேன். இங்க வேணாம். அங்க வச்சிக் கேக்கறேன்.”

ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. முண்டியம்பாக்கம் போய், விழுப்புரம் வந்துவிட்டது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது சேனல். ஒரே அறை, பச்சைத் துணி, மூன்று நாற்காலிகள், இரண்டு கேமரா. விக்னேஷே முதலாளி, அவரே தொகுப்பாளர், அவரே எடிட்டர். இருபத்தேழு வயது இருக்கலாம். மரியாதையான பிள்ளை. காபி கொடுத்துவிட்டு, என் நெற்றியைக் காட்டி, “பொட்ட எடுத்துடலாமா மேடம்? பாக்குறவங்க கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க” என்றார்.

குழம்பட்டும், அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

சபாபதியிடம் போய், நான் பேசும்போது குறுக்கே பாய்ந்து கோபமாகப் பேசச் சொன்னார். தனக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் வராது என்று அவர் சங்கடத்தோடு சொன்னார். விக்னேஷ் என்னிடம் திரும்பி, நீங்களாவது என்று ஆரம்பித்தார். நான் சிரித்ததில் விட்டுவிட்டார்.

பதினொரு மணிக்கு நேரலை தொடங்கியது. முதல் பத்து நிமிடம் எல்லாரும் எதிர்பார்த்தபடியே போனது. உலகத்தை யார் படைத்தது, அப்படியானால் படைத்தவனை யார் படைத்தது. கீழே செல்போன் கடையிலும் எங்களைப் போட்டிருந்தார்கள். எங்கள் குரல் கொஞ்சம் தாமதமாக மாடிப்படி வழியே ஏறி வந்துகொண்டிருந்தது. பிறகு விக்னேஷ், ஐயா இந்த அம்மாவிடம் நேரடியாக ஒரு கேள்வி கேளுங்கள், சூடாகக் கேளுங்கள் என்றார்.

சபாபதி மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அது சட்டையில்தான் குத்தியிருந்தது, பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

“எனக்கு ஒரே பொண்ணும்மா. இதே விழுப்புரத்துல தனியார் ஆஸ்பத்திரில நர்ஸா கீறா. போன வருசம் ஊருக்கு வந்தவ, எனக்குச் சாமி நம்பிக்க போயிட்ச்சுப்பான்னு சொன்னா. எனக்கு ஒரு கஷ்டம்னா சிவன் கீறான். எம்பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா யாரு கீறாங்க? நீங்க அனுபவிச்சவங்க, சொல்லுங்க.”

விக்னேஷ் என் பக்கம் கையைக் காட்டினார். வாதத்துக்கு என்னிடம் நிறையப் பதில்கள் தயாராக இருந்தன. இது வாதமில்லை. இந்த மனிதர் ஒரு வருடமாக இதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. அதனால் நடந்ததையே சொன்னேன்.

என் கணவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். யாரிடமும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. என் அப்பா தினமும் கோயிலுக்குப் போகிறவர். அவர் வந்து, என்னோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

“அவரு கும்பிட வேண்டியதை அவரு கும்பிட்டுக்கிட்டாரு ஐயா. என்னைக் கும்பிடச் சொல்லல. என் பக்கத்துல உட்கார்ந்தாரு, இட்லி வாங்கிக் குடுத்தாரு. எனக்கு அன்னைக்கு இருந்தது அவருதான். உங்க பொண்ணுக்கு யாரு இருக்காங்கன்னு நீங்க என்னைக் கேக்குறீங்க.”

சபாபதி கேமராவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். விளம்பரம் போடக் கையை நீட்டிய விக்னேஷ் அதை எடுத்துக்கொண்டார்.

“நான் ஒரு வருசமா அவகிட்ட பேசல” என்றார் சபாபதி.

மீதி நேரம் எப்படிப் போனது என்று சரியாக நினைவில்லை. இரண்டு பேர் போனில் வந்தார்கள். ஒருவர் என்னைத் திட்டினார். இன்னொருவர் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் சமயத்திலும் உலகைப் படைத்தவன் என்று ஒருவன் கிடையாது, தினமும் கோயிலுக்கும் போகிறோம், இதையெல்லாம் எந்த டிவியிலும் சொல்வதில்லை என்றார். அவரையும் வைத்து ஒரு நிகழ்ச்சி செய்யுங்கள் என்று விக்னேஷிடம் சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் கம்ப்யூட்டரில் யூடியூபுக்கான தலைப்பு ஏற்கெனவே தயாராக இருந்ததைப் பார்த்தேன். ‘சிவனடியாரைச் சீண்டிய நாத்திகப் பெண்! அனல் பறந்த மோதல்!’ என் முகம் சிவப்பு வட்டத்துக்குள்.

அங்கே அனல் எங்கே பறந்தது என்று கேட்டேன். விக்னேஷ் நெளிந்தார். “சண்டைன்னாதான் மேடம் உள்ளயே வருவாங்க. இல்லன்னா தள்ளிவிட்டுப் போய்க்கினே இருப்பாங்க. வாடகை குடுக்கணும்ல.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இந்தத் தலைப்பைப் போட்டால், இந்த ஐயாவின் பெண்ணும் அதைத்தான் பார்ப்பாள், அப்பா என்னைப் போன்றவர்களோடு ஊரறியச் சண்டை போட்டார் என்றுதான் நினைப்பாள் என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அதுவரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்றும் சொன்னேன். சபாபதியும் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

விக்னேஷ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினார்: ‘மகளுக்கு நம்பிக்கை இல்லை, அப்பா கேட்ட கேள்வி.’ சிவப்பு வட்டத்தையும் எடுத்தார். இன்று கூட்டம் குறைவாகத்தான் வரும் மேடம் என்றார். பரவாயில்லை என்றேன். பரவாயில்லைதான் என்று அவரும் சொன்னார்.

வெளியே நல்ல வெயில். பிரபு காரோடு காத்திருந்தார். சபாபதி உடனே ஏறவில்லை. மகள் மங்கைக்கு இரண்டு மணிக்கு டூட்டி முடியும், கூட வேலை செய்கிற பெண்களோடு வாடகை வீட்டில் இருக்கிறாள், அங்கே போய்விட்டுத்தான் ஊர் என்றார். என்னையும் வரச் சொன்னார். நீங்கள் இருந்தால் அவள் நன்றாகப் பேசுவாள் என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அது அவர் தனியாகப் போக வேண்டிய இடம்.

“நீங்களே போங்க ஐயா. சாப்பிட ஏதாவது வாங்கிட்டுப் போங்க.”

என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, நான்குமுனைச் சந்திப்பு வரை காரில் வந்து இறங்கினார். வெயிலில் குடைகூட இல்லாமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வேகமாக நடந்து போனார்.

பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டி நின்றது. சாப்பிட்டுவிட்டு ஏறினேன். வழியெல்லாம் கொஞ்சநேரம் தூக்கம், கொஞ்சநேரம் போன். வீடியோவுக்குக் கீழே வழக்கமான வசவுகள் வரத் தொடங்கியிருந்தன. பொட்டு வைத்த நாத்திகம் போலி என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, திண்டிவனத்திலிருந்து ஒரு பெண், ‘நானும் இப்படித்தான் அக்கா, எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது’ என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் அறுபத்தைந்து ரூபாய் டிக்கெட்டை இன்னும் பத்துமுறை எடுக்கலாம் என்று தோன்றியது.

காஞ்சிபுரத்தில் என் கடைக்கு எதிரிலேயே கோபுரம். அதன் நிழலில்தான் தினமும் கதவு திறக்கிறேன். அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும், ஆனால் கஷ்டம் என்றால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் என்பதாலேயே கேட்க மாட்டார்கள். பழக்கமில்லாத ஊரில், சண்டைக்கென்று உட்கார வைத்த இடத்தில்தான் ஒருவர் கேட்டார்.

வந்தவாசியில் வண்டி நின்றபோது போன் வந்தது. சபாபதிதான். “பொண்ணு பேசணும்ன்றா” என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்துவிட்டார். மங்கையின் குரல் சோர்வாக இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. காலையிலிருந்து வார்டில் இருந்ததால் நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை, பார்க்கவும் பயமாக இருக்கிறது என்றாள்.

“அக்கா, அப்பா உங்ககிட்ட என்ன கேட்டாரு?”

பக்கத்துலதானே இருக்காரு, அவரையே கேளும்மா என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். அவள் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள் போலிருக்கிறது; குரல் தள்ளிக் கேட்டது. “என்னப்பா கேட்ட?”

சபாபதி தொண்டையைச் செருமினார். போனை அணைக்க அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை. நான் அணைத்தேன்.